காணிப் பெயர்களும் தேடுபொறியும்

என் தமக்கையின் கணவர் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதுவினைஞராக இருந்தவர். உறுதி எழுதுவது அவருடைய தொழில். உறுதிகளிலே வரும் காணிப் பெயர்களைத் தனியே ஒரு கொப்பியிற் குறித்து வைப்பது அவருடைய ஆசை. வலிகாமம் வடக்கைச் சேர்ந்த எங்களூரில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. இலுப்பையடி என்பர், தாழையடி என்பர். ஒரு காலத்தில் அங்கு நின்ற மரத்தையோ அங்கு வாழ்ந்த மனிதரையோ அப்பெயர் நினைவூட்டும். மரம் பட்டுப்போயிருக்கும், மனிதர் மறைந்திருப்பர், பெயர் மாத்திரம் உறுதியிலும் ஊரார் நாவிலும் நிலைத்திருக்கும். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அத்தான் கையோடு எடுத்துச் சென்ற சில பொருள்களுள் அக்கொப்பியும் ஒன்று.

அவர் காலமான பின்னர் கொப்பி என்னிடம் வந்தது. 2017 ஆம் ஆண்டளவில் எங்கள் பகுதியிற் காணிகள் சில விடுவிக்கப்பட்டன. இருபத்தேழு ஆண்டுகளின் பின் போய்ப் பார்த்தவர்களுக்கு வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, எல்லைக்கல் இல்லை; வீடு நின்ற இடத்திற் பற்றைக்காடு. எது எவருடைய வளவு என்று சொல்லக்கூடிய முதியவர்கள் பலர் இறந்துவிட்டனர். எஞ்சியோரிற் பெரும்பாலார் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருந்தனர். முந்நூறுக்கு மேற்பட்ட காணிப் பெயர்களும், அவை கிடக்கும் குறிச்சிகளும், பலவற்றின் நாற்புற எல்லைகளும் எழுதப்பட்ட அந்தக் கொப்பி ஒரு பெட்டிக்குள்ளே கிடப்பது எனக்குக் குற்றமாகவே பட்டது. 2018 ஆம் ஆண்டில் அதனை இணையத்தில் ஏற்றினேன். ஏற்றியதோடு என் கடமை முடிந்தது என்று எண்ணி நிம்மதியாக உறங்கினேன்.

ஓராண்டு கழித்து ரொறன்ரோவிலிருந்து மருமகள் தொலைபேசியிற் பேசினாள். அத்தானின் மூத்த மகள் அவள். தாய்வழி வந்த சீதனக் காணியின் பெயரைக் கூகிளில் இட்டுத் தேடினாளாம்.

"ஒண்டும் வரேல்லை, மாமா. அப்பா எழுதினது எங்கை?"

பக்கத்தின் முகவரியைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். பிறகு சற்றுப் பொறுத்து, "எனக்கு நீங்கள் சொல்லிப்போட்டியள். மற்றச் சனத்துக்கு ஆர் சொல்லுறது?" என்றாள்.

அந்தக் கேள்வியே என்னை இத்துறைக்கு இழுத்தது. தேடுபொறிகளுக்கு ஏற்றவாறு இணையப் பக்கங்களை அமைப்பது ஒரு தனிக்கலை என்றும், அதனாற் பிழைப்போர் உலகெங்கும் இருக்கின்றனர் என்றும் அதுவரையில் எனக்குத் தெரியாது. வியாபாரிகளின் வித்தை என்றே பலரும் அதனைக் கருதுகின்றனர். நானும் அவ்வாறே கருதியிருந்தேன்.

நாம் ஒரு சொல்லை இட்டவுடன் தேடுபொறி உலகத்துப் பக்கங்களையெல்லாம் ஓடிப் பார்த்து வருகிறது என்று நினைப்போர் உளர். அவ்வாறன்று. நாம் கேட்பதற்கு நெடுநாள் முன்னரே அது தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பக்கம் பக்கமாக ஊர்ந்து திரியும் நிரலொன்று, ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குச் செல்கிறது; கண்ட சொற்களையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கிறது. அச்சொற்களைக் கொண்டு, இன்ன சொல் இன்ன பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பேரட்டவணை கட்டப்படுகிறது. நாம் கேட்கும்போது அந்த அட்டவணையிலிருந்தே விடை வருகிறது. அட்டவணையில் ஏறாத பக்கம் உலகில் இருந்தும் இல்லாததே. போர்த்துக்கீசரும் அவர்க்குப் பின் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்து நிலங்களைத் தோம்பிலே பதிந்தார்கள் அல்லவா? தோம்பின் கண்ணுக்குக் காணியென்பது ஏட்டில் ஏறியது மாத்திரமே. பனையும் கிணறும் மனிதருமாக அது வெளியே கிடப்பது தோம்புக்குத் தெரியாது. தேடுபொறியின் அட்டவணையும் அத்தகையதே.

அட்டவணை கட்டுவது நமக்குப் புதிதன்று. மானிப்பாயில் 1842 ஆம் ஆண்டில் வெளிவந்த அகராதியும், ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902 ஆம் ஆண்டில் வெளியிட்ட அபிதானகோசமும், தேடுவோனுக்கு வேண்டியது எளிதில் அகப்படவேண்டும் என்ற கவலையினாற் பிறந்தவையே. இணையத்திலே அக்கவலையை முதலிற் பட்டவர் அலன் எம்ரேச் என்னும் மாணவர். மொன்றியலிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் 1990 ஆம் ஆண்டில் அவர் அமைத்த 'ஆர்ச்சி' என்னும் பொறி கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடியது. 1995 ஆம் ஆண்டின் இறுதியில் வந்த அல்ராவிஸ்ரா பக்கங்களின் உள்ளேயுள்ள சொற்கள் அனைத்தையும் அட்டவணைப்படுத்தியது. சொல் இருக்கிறதா என்று அறிவது அன்று பெரிய காரியம். ஆனால் ஆயிரம் பக்கங்களில் அச்சொல் இருந்தால் எதனை முதலிற் காட்டுவது? சொல் அதிகமாக வரும் பக்கத்தை முன்வைத்தால், ஒரே சொல்லை நூறு முறை எழுதியவன் வென்றுவிடுவான். அப்படி வென்றவர்கள் பலர்.

1998 ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழக மாணவர்களாகிய லறி பேச், சேர்ஜி பிரின் இருவரும் வேறொரு வழி கண்டனர். ஒரு பக்கத்தைப் பற்றி அப்பக்கமே சொல்வதை நம்பாது, மற்றப் பக்கங்கள் அதனை எவ்வளவு சுட்டுகின்றன என்று பார்த்தனர். சுட்டும் பக்கமும் மதிப்புடையதாயின் அச்சுட்டுக்கு நிறை அதிகம். நம் உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்ட நூலை நாம் மதிக்கவில்லையா? நூல் அழிந்த பின்னும் மேற்கோளாற் பெயர் நிலைத்தவை உண்டு. பேரறிஞர் ஒருவர் எடுத்தாண்டால் மதிப்பு ஒருபடி கூடுகிறது. அந்த நியாயத்தைக் கணிதமாக்கியதே கூகிளின் வெற்றிக்கு முதற்காரணம். இன்று இணைப்பைத் தவிர வேறு எத்தனையோ அடையாளங்களையும் அது நிறுத்துப் பார்க்கிறது. எவ்வெவற்றுக்கு எவ்வளவு நிறை என்பதை வெளியிடுவதில்லை. வெளியிட்டால் என்ன நடக்கும் என்பதை அதன் முன்னோர் பட்ட பாடு காட்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகு என் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அதனை அமைத்துத் தந்தவர் அயல்வீட்டுத் தம்பி ஒருவர். நல்ல பிள்ளை, காசு வாங்கவில்லை. ஆனால் வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலே தேடுபொறிகள் உள்ளே வரவேண்டா என்று ஒரு குறியை இட்டிருந்தார்; வேலை முடிந்தபின் அதனை எடுக்க மறந்துவிட்டார். கதவை உள்ளே தாழிட்டுவிட்டு விருந்தினர் வரவில்லையே என்று நான் ஏங்கியிருந்திருக்கிறேன்.

தாழைத் திறந்தும் பயன் பெரிதாகவில்லை. கொப்பியின் பக்கங்களை ஒளிப்படம் எடுத்து, படங்களாகவே ஏற்றியிருந்தோம். அத்தானின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனைக் காட்டவேண்டும் என்பது என் ஆசை. மனிதக் கண் அதனை எழுத்தாகக் காண்கிறது. பொறிக்கு அது வெறும் படம். அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தைப் படத்திலிருந்து வாசித்தறியும் ஆற்றல் இன்று வளர்ந்துவருகிறது என்பது மெய்யே. ஆயினும் மடக்கி மடக்கி எழுதிய எழுதுவினைஞரின் கையெழுத்தில் அதனை நம்பியிருக்க முடியாது.

முன்னுரையாவது தட்டெழுதியதாயிற்றே என்று ஆறுதலடைந்தேன். அதிலே வேறு கேடு இருந்தது. அதனை அச்சகத்துப் பையன் ஒருவனிடம் கொடுத்து 'பாமினி' எழுத்துருவில் அடித்து வாங்கியிருந்தேன். ஈழத்து அச்சகங்களிற் பாமினியை அறியாதவர் இலர். அது தமிழ் எழுத்துக்களை ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே அமர்த்தி வைத்திருக்கும் எழுத்துரு. 'அம்மா' என்று திரையிலே தோன்றும் சொல்லின் உள்ளே கிடப்பவை எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, பின்பு எச் என்பனவே. நம் கண்ணுக்கு அம்மா. பொறிக்கு ஓர் அரைப்புள்ளி நடுவே கிடக்கும் குப்பை. தமிழுக்குரிய இடம் யூனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே, 1991 ஆம் ஆண்டிலேயே, ஒதுக்கப்பட்டுவிட்டது. விண்டோஸ் 2000 இல் அதனைப் பயன்படுத்தும் வசதியும் வந்துவிட்டது. ஆயினும் கை பழகிய வழக்கத்தை விட மனம் வராமல், அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் நாம் பழைய எழுத்துருக்களிலேயே எழுதிக் குவித்தோம். அவ்வாறு இணையத்தில் ஏறிய எத்தனை கதைகள், எத்தனை மரண அறிவித்தல்கள், எத்தனை ஊர் வரலாறுகள் இன்றும் அரைப்புள்ளிகளாகக் கிடக்கின்றனவோ! 2005 ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் சேர்த்துவரும் 'நூலகம்' போன்ற முயற்சிகள், ஒவ்வொரு நூலுக்கும் பெயரும் ஆசிரியரும் ஆண்டும் யூனிக்கோட்டிலே எழுதி வைப்பதன் அருமை அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்ளே இருப்பது படமாயினும், வாசலிற் பெயர்ப்பலகை எழுத்தாக இருக்கிறது.

இந்த இடத்தில் நான் செய்த அறியாமையையும் சொல்லிவிட வேண்டும். எழுத்தை மாற்றி அடிக்கும் பொறுமை இல்லாமல், கொழும்பிலே இத்தொழில் செய்யும் நிறுவனம் ஒன்றை நாடினேன். பெயர் வேண்டா. மூன்று மாதத்தில் உங்கள் பக்கத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருவோம் என்றார்கள். எந்தச் சொல்லுக்கு முதலிடம் என்று கேட்கும் அறிவு எனக்கு அன்று இல்லை. இத்தொழிலில் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

அவர்கள் மும்முரமாகத்தான் வேலை செய்தார்கள். பக்கத்தின் தலையிலே, மனிதர் கண்ணுக்குத் தெரியாத இடத்திலே, திறவுச்சொற்கள் சிலவற்றை நிரப்பினார்கள். அவ்விடத்துச் சொற்களைத் தான் கணக்கிலெடுப்பதேயில்லை என்று கூகிள் 2009 ஆம் ஆண்டு செப்ரெம்பரிலேயே பகிரங்கமாக அறிவித்துவிட்டது என்பதைப் பின்னர் அறிந்தேன். பத்து ஆண்டு கழிந்தும் அவர்களுக்கு அச்செய்தி எட்டவில்லை போலும். அல்லது எனக்கு எட்டியிராது என்று நம்பினார்கள். அதன்மேல், வெள்ளைத் தாளிலே வெள்ளை எழுத்தாகச் சில பத்திகளைச் சேர்த்தார்கள். யாரென்று அறியாத தளங்களிலிருந்து எங்கள் பக்கத்துக்கு இணைப்புகளை விலைக்கு வாங்கிப் பூட்டினார்கள். எங்கள் பக்கத்தில் 'காணி' என்ற சொல் நிறைய இருப்பதைக் கண்டு, மக்கள் மிகுதியாகத் தேடும் சொற்றொடர் எதுவென்று ஆராய்ந்து, 'யாழ்ப்பாணத்தில் காணி விற்பனைக்கு' என்பதைப் பக்கமெங்கும் தூவினார்கள்.

வருவோர் தொகை உயர்ந்தது. வரைபடத்திலே கோடு மேலே ஏறுவதை எனக்கு அனுப்பிவைத்தார்கள். நானும் மகிழ்ந்தேன். பிறகு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

"ஐயா, பரப்பு என்ன விலை சொல்லுறியள்?"

காலையிலே ஒரு தரகர். மத்தியானத்திலே ஒரு தரகர். முந்நூறு காணிக்குச் சொந்தக்காரன் என்று என்னை நினைத்து ஒருவர் நேரிலே வந்து, வாசலிற் செருப்பைக் கழற்றிவிட்டு மிகுந்த மரியாதையோடு அமர்ந்தார். அதுவரையிற் சிரிப்பாகவே இருந்தது. ஒருநாள் மாலை, எங்கள் குறிச்சியைச் சேர்ந்த முதியவள் ஒருத்தி மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். இருபத்தேழு ஆண்டு முகாமிலும் வாடகை வீட்டிலும் கழித்தவள். "தம்பி, எங்கடை காணியை விக்கப் போட்டிருக்கிறியளாம், உண்மையோ?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தாற் பொறுத்திருப்பேன். பயத்தோடு கேட்டாள். நான் என்ன விளக்கம் சொல்லியும் அவள் முழுதாக நம்பினாள் என்று சொல்ல முடியாது. அன்றிரவே அந்த நிறுவனத்துக்கு எழுதி, அவர்கள் சேர்த்த அனைத்தையும் எடுப்பித்தேன். கொடுத்த பணம் வரவில்லை.

என் போன்ற சிறியோர் மட்டும் இவ்வழியில் வழுக்கினார்கள் என்று எண்ணவேண்டா. ஜெர்மனியின் பி. எம். டபிள்யூ மோட்டார் நிறுவனத்தின் தளம், பொறிக்கு ஒரு முகமும் மனிதர்க்கு வேறொரு முகமும் காட்டும் 'வாசற் பக்கங்களை' வைத்திருந்தமைக்காக 2006 ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சில நாட்கள் கூகிளின் அட்டவணையிலிருந்தே நீக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டு பெப்ரவரியில் 'பண்டா' என்ற பெயரில் வந்த மாற்றம் உள்ளீடற்ற பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012 ஆம் ஆண்டு ஏப்ரிலில் வந்த 'பெங்குவின்' விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்தது. எங்கள் பக்கமும் அவ்விணைப்புகளால் என்ன கெடுதி அடைந்ததோ, திட்டமாகச் சொல்ல இயலாது. வரிசையிலே கீழே போயிற்று என்பது மட்டும் தெரிந்தது.

பிறகு தம்பியும் நானுமாக அடியிலிருந்து தொடங்கினோம்.

முந்நூறு பெயர்களையும் யூனிக்கோட்டில் நானே அடித்தேன். இரண்டு மாதம் பிடித்தது. அடிக்கும்போதுதான் கொப்பியை உண்மையாக வாசித்தேன் என்று சொல்லவேண்டும். படம் எடுத்தபோது வாசிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நீண்ட பக்கத்திலே வைக்காமல் குறிச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வகுத்து, காணிப் பெயர் ஒவ்வொன்றையும் தலைப்பாக நிறுத்தி, அதன்கீழ் எல்லைகளையும் கிணறு, மரம், கோயில் முதலிய அடையாளங்களையும் எழுதினோம். கையெழுத்துப் படங்களை எறியவில்லை. ஒவ்வொன்றின் கீழும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்ற மாற்றுரையைச் சேர்த்தோம். கண் தெரியாதவர்க்கு வாசித்துக்காட்டும் கருவிகளும் அம்மாற்றுரையையே வாசிக்கின்றன. தேடுபொறியும் ஒரு வகையிற் கண்ணில்லாத வாசகனே. ஒருவர்க்குச் செய்த உதவி மற்றவர்க்கும் ஆயிற்று.

தலைப்பைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். முதலில் நான் தளத்துக்கு இட்ட பெயர் 'வேரும் விழுதும்'. எவ்வளவு அழகு என்று பலர் பாராட்டினர். அச்சொற்களை இட்டுத் தேடினால் ஆலமரம் பற்றிய பாடங்களும் எவர் எவருடையவோ கவிதைகளும் வந்தன. காணியைத் தேடுபவன் வேரையும் விழுதையும் எதற்காகத் தேடப்போகிறான்? அலங்காரத் தலைப்பில் நமக்கு உள்ள மோகம் சிறிதன்று. கட்டுரைகளிலே உவமையைத் தலைப்பாக்கிவிட்டு, பொருளை மூன்றாம் பத்தியில் ஒளித்துவைப்பது நம் எழுத்தாளர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைக் கையிலே விரித்தவன் மூன்றாம் பத்தி வரை பொறுத்துச் செல்வான். தேடி வருபவன் பத்து விடைகளின் தலைப்பை மட்டும் பார்க்கிறான். தன் சொல் அங்கே இருந்தால் நிற்கிறான், இல்லையேல் கடந்துபோகிறான். நெஞ்சு வருந்தியே அப்பெயரை நீக்கினேன். ஊர்ப் பெயரை முன்னே வைத்து, 'காணிப் பெயர்களும் எல்லைகளும்' என்று எழுதி, குறிச்சியின் பெயரைச் சேர்த்தேன். பஞ்சாயத்து அறிவித்தல்போல இருக்கிறது என்றாள் என் மனைவி. இருக்கட்டும்.

எழுத்துக்கூட்டல் இதனிலும் பெரிய தொல்லை. சுன்னாகம் என்பாரும் உளர், சுண்ணாகம் என்பாரும் உளர். தெல்லிப்பழையைத் தெல்லிப்பளை என்று எழுதுவோர் தொகையும் குறைவன்று. எது சரி என்று வாதாட எனக்கும் விருப்பமே. ஆனால் வீட்டைத் தேடி வந்தவனை வாசலில் நிறுத்தி இலக்கணம் கற்பிப்பது நியாயமன்று. 'தெல்லிப்பளை எனவும் எழுதப்படும் தெல்லிப்பழை' என்று ஒருமுறை வசனத்துக்குள்ளேயே அமைத்துவிட்டால் இருவரும் வந்து சேர்வர். பிறநாட்டிற் பிறந்த பிள்ளைகள் பலர் தாத்தாவின் காணிப் பெயரை ஆங்கில எழுத்திலேதான் இடுகின்றனர். அவர்களுக்காக ஒவ்வொரு பெயரையும் ஆங்கில எழுத்திலும் தந்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிறியதோர் ஆங்கிலச் சுருக்கமும் எழுதினேன். தமிழன்பர் ஒருவர் இதற்காக என்னைக் கடிந்துகொண்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் எந்நாட்டிலே எம்மொழியிற் படிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

தமிழின் இயல்பும் ஒரு தடை. 'இலுப்பையடி' என்பது உருபு ஏற்றால் இலுப்பையடியில், இலுப்பையடிக்கு, இலுப்பையடியின் என்று வால் நீளும். 'வளவு' என்ற சொல்லோடு ஒட்டி எழுதினால் வேறொரு சொல்லே ஆகிவிடும். பொறி இவற்றை ஓரளவு உய்த்துணர்கிறது. ஊருக்குள் மாத்திரம் வழங்கும் பெயர்களில் அதனை நம்புவதற்கில்லை. ஆகையால் தலைப்பிலும் முதல் வசனத்திலும் பெயரை உருபேற்றாமல் தனியே நிற்கவிட்டோம். அதற்குமேல் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதவில்லை. வாசிப்பவர்க்கு அலுப்பூட்டும் எதையும் பொறிக்காகச் செய்வதில்லை என்று முடிவுகட்டியிருந்தோம்.

பாரத்தையும் குறைத்தோம். முதலிலே ஏற்றிய படங்கள் பெரியவை. கைத்தொலைபேசியிலே திறந்தாற் பாதி நாள் சுழன்றுகொண்டிருக்கும். பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் தோன்றுவது நன்று என்பது கூகிள் வகுத்த அளவு. கைத்தொலைபேசியில் வாசிக்கத்தக்க பக்கங்களுக்கு 2015 ஆம் ஆண்டு ஏப்ரில் முதலே அது முன்னுரிமை கொடுத்துவருகிறது. அளவு இருக்கட்டும், காட்டுக்குள்ளே எல்லைக்கல்லைத் தேடி நிற்பவன் கையிலே கணினியா இருக்கும்?

இணைப்புகள் எஞ்சின. அவற்றை விலைக்கு வாங்கவில்லை, கேட்டு வாங்கினோம். பழைய மாணவர் சங்கங்கள், வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்கள், கோயில் வரலாறு எழுதிய ஒருவர் ஆகியோர்க்கு எழுதினேன். 'இங்கே சொடுக்குக' என்று எழுதாமல், எதைப் பற்றிய பக்கம் என்பதையே இணைப்பின் சொல்லாக வைக்குமாறு வேண்டினேன். சுட்டும் சொல்லையும் பொறி கவனிக்கிறது. ஏழெட்டுப் பேர் உதவினர்.

சில மாதங்களின் பின் மாற்றம் தெரிந்தது. தொகை பெரிதன்று, தரகர் காலத்து ஏற்றத்தின் அருகே வைக்கவே முடியாது. ஆனால் கூகிள், தளம் நடத்துவோருக்கு இலவசமாகத் தரும் கருவி ஒன்று உண்டு. எந்தச் சொற்களை இட்டவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது என்பதை அது பட்டியலாகத் தருகிறது. யார் கேட்டார் என்று சொல்லாது. மிகச் சிலரே இட்ட சொற்களை மறைத்தும் விடும். எஞ்சிய பட்டியலை இரவிலே இருந்து வாசிப்பது எனக்கு ஒரு வழக்கமாயிற்று. காணிப் பெயர்கள் இருந்தன. காணிப் பெயர் மறந்தவர்களின் கேள்விகளும் இருந்தன. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள கிணறு, சந்தியில் நின்ற புளியமரம், சுடலைக்குப் போகும் ஒழுங்கை என்று தேடியிருந்தார்கள். அவற்றுட் சிலவற்றுக்குக் கொப்பியிலே விடை இருந்தது. ஆனால் உறுதியின் பாஷையிலே இருந்தது. 'வடக்கு, பொதுப்பாதை' என்று அத்தான் எழுதியிருந்ததைத்தான் மக்கள் சுடலை ஒழுங்கை என்று கேட்டார்கள். அவர்கள் கேட்ட சொல்லையும் பக்கத்தில் எழுதினேன். இத்தொழிலிற் பெரியதாக நான் கற்றது ஏதேனும் இருக்குமாயின், அந்தப் பட்டியலிலிருந்து கற்றதே.

இப்போது நிலைமை மீண்டும் மாறிக்கொண்டிருக்கிறது. 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலே தொடங்கி, கூகிள் விடைப்பட்டியலின் தலைமாட்டிலே இயந்திரம் தொகுத்த விடையொன்றை வைக்கிறது. கேட்டவன் அதனைப் படித்துவிட்டு எந்தப் பக்கத்துக்கும் போகாமல் திரும்பிவிடலாம். வியாபாரத் தளங்கள் இதனால் அஞ்சுகின்றன. எனக்கு வருமானம் இல்லை. ஆகவே அவ்வச்சம் இல்லை. வேறு அச்சம் உண்டு. எங்கள் காணிப் பெயரொன்றைப் பற்றி அத்தகைய இயந்திரம் ஒன்றிடம் கேட்டேன். இலுப்பை எண்ணெயின் மருத்துவக் குணங்களை மிகுந்த நம்பிக்கையோடு விரித்துரைத்தது. விடை தெரியாதபோது ஒன்றும் காட்டாதிருந்த பழைய பொறி நாணயமானது என்று அப்போது தோன்றியது. இதற்காகத் தனி வித்தை இருக்கிறது என்று இப்போதே விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றின் நடை எனக்குப் பழக்கமானது.

சென்ற ஆண்டு பாரிசிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் எழுபத்தெட்டு வயதுப் பெண்மணி, பேரன் தட்டெழுதியிருந்தான். தன் காணிப் பெயரை இட்டுத் தேடியபோது எங்கள் பக்கம் முதலிலே வந்ததாம். எவரும் முகவரி சொல்லவில்லையாம். பக்கம் நன்றாயிருக்கிறது என்றோ நன்றி என்றோ அவர் எழுதவில்லை. தன் காணிக்கு மேற்கு எல்லை ஒழுங்கை என்று நாங்கள் எழுதியிருப்பது பிழை என்றும், ஒழுங்கைக்கும் தன் வேலிக்கும் நடுவே தன் பெரிய தகப்பனாரின் அரைப் பரப்புத் துண்டு ஒன்று கிடந்தது என்றும், அதிலே ஒரு கறிமுருங்கை நின்றது என்றும், அவ்வாறு எழுதாவிட்டாற் பெரிய தகப்பனாரின் பிள்ளைகளுக்கு அநியாயமாய்ப் போகும் என்றும் எழுதியிருந்தார்.

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ஒழுங்கை என்றுதான் இருந்தது. ஆனால் அத்தான் அவ்விடத்திலே பென்சிலால் ஒரு சிறு கேள்விக்குறி இட்டிருந்தார். நான் தட்டெழுதும்போது அதனைக் கவனியாமல் விட்டிருக்கிறேன். அன்றிரவே அந்தப் பதிவின் கீழே அம்மூதாட்டியின் சாட்சியத்தைச் சேர்த்து, முருங்கை மரத்தையும் எழுதி, கேள்விக்குறியையும் இட்டேன். தேடுபொறி அந்தத் திருத்தத்தைத் தன் அட்டவணையில் ஏற்றுவதற்குப் பதினொரு நாட்கள் சென்றன.